யாழ்ப்பாணத்திலிருந்து முதல் தடவையாக உம்றா, ஹஜ் போகிறவர்களுக்கு

கஃபாவைச் சுற்றும் தவாஃப் எப்படி, ஸஃபா மர்வா குன்றுகளுக்கிடையே நடக்கும் ஸஈ எப்படி என்று சொல்லித்தர மௌலவிமார் இருக்கிறார்கள். பயணக் குழுக்களும் புறப்படுமுன் வகுப்பு வைக்கின்றன. முதல் தடவை போகிறவர்கள் இடறுவது பெரும்பாலும் வேறு விஷயங்களில்: பத்திரம், கால், தண்ணீர், கூட்டத்தில் ஆள் பிரிந்துபோவது. இங்கே சொல்லப்போவது அவற்றைத்தான். மார்க்கச் சட்டம் வரும் இடங்களில் உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

யாரோடு போவது

உம்றாவுக்கு ஆண்டின் பெரும்பகுதியில் போகலாம். ஹஜ் காலம் நெருங்கும்போது உம்றா விசாவை நிறுத்திவிடுவார்கள். ரமழானில், அதுவும் கடைசிப் பத்து நாளில், நெரிசலும் விலையும் உச்சத்தில் இருக்கும். வயதான உம்மா வாப்பாவைக் கூட்டிப்போகிறவர்கள் ரமழானையும் பாடசாலை விடுமுறையையும் தவிர்த்தால் நல்லது. நன்மை அதிகம் என்று ரமழானையே பிடிவாதமாகக் கேட்கும் பெரியவர்களிடம், சக்கர நாற்காலியில் அந்தக் கூட்டத்துக்குள் போவது எப்படியிருக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஹஜ் வேறு கணக்கு. அண்மைய ஆண்டுகளில் இலங்கைக்குக் கிடைத்தது 3500 இடங்கள். முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களத்தில் பதிந்து, அந்த ஆண்டுக்கு அனுமதி பெற்ற முகவர் ஊடாகவே போக வேண்டும். 'அந்த ஆண்டுக்கு' என்பதைக் கவனியுங்கள். போன வருட அனுமதிப்பத்திரத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தால் இந்த வருடத்துக்கு அது செல்லாது. நம் பக்கத்தில் பெரும்பாலும் தெரிந்த ஒருவர்தான் ஆள் சேர்த்து முகவரிடம் கொடுப்பார். அவர் நல்லவராகவே இருக்கட்டும், ரசீது மட்டும் முகவர் நிறுவனத்தின் பெயரில், உங்கள் பெயர் எழுதி வர வேண்டும். காசை நிறுவனத்தின் வங்கிக் கணக்கிலேயே போடுங்கள்.

பேச்சைத் தொடங்கும்போது எல்லோரும் விலையைத்தான் கேட்கிறார்கள். ஹோட்டலின் பெயரை முதலில் கேளுங்கள். 'ஹரத்துக்குப் பக்கம்', அதாவது மக்காப் பெரிய பள்ளிவாசலுக்குப் பக்கம், என்பதை எப்படியும் நீட்டலாம், சுருக்கலாம். பெயர் கிடைத்தால் போனில் வரைபடத்தைத் திறந்து நீங்களே தூரம் பார்க்கலாம். வழி ஏற்றமா, ஓர் அறையில் எத்தனை பேர், மூன்று வேளைச் சாப்பாடும் உண்டா, கூட வரும் மௌலவி யார், பெண்களுக்கு விளக்கம் சொல்ல ஆள் உண்டா என்று கேளுங்கள். ஹஜ் என்றால் இன்னும் இரண்டு கேள்வி: மக்காவின் புறப்பகுதியான அஸீஸியாவில் எத்தனை நாள் தங்கவைப்பார்கள், குர்பானிப் பணம் கட்டணத்துக்குள் அடங்குமா? இவற்றுக்கெல்லாம் எழுத்தில் பதில் தர மறுப்பவரிடம் போக வேண்டாம்.

ஹஜ் இடம் கிடைக்கவில்லை, ஆனால் வேறு விசாவில் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம் என்று எவராவது சொன்னால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். 2024ஆம் ஆண்டு ஹஜ்ஜில் வெயிலில் 1300க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் ஐந்தில் நான்கு பங்குக்கும் அதிகமானோர் அனுமதியின்றி வந்தவர்கள் என்று சவூதி அரசு சொன்னது. அனுமதி இல்லாதவருக்கு, ஹாஜிகள் தங்கும் மினாவில் கூடாரம் இல்லை, குளிரூட்டிய பஸ் இல்லை. வெயிலில் நடந்தே போக வேண்டும். பிடிபட்டால் 20,000 ரியால் வரை தண்டம், அதோடு நாடு கடத்தல்.

பத்திரங்கள்

கடவுச்சீட்டு பயணத் திகதிக்குப் பிறகும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். முன்பெல்லாம் இதற்காக வவுனியாவுக்கோ பத்தரமுல்லைக்கோ போய் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. 2025 செப்டெம்பரில் யாழ் மாவட்டச் செயலகத்திலேயே பிராந்திய அலுவலகம் திறந்துவிட்டதால் அந்த அலைச்சல் குறைந்திருக்கிறது.

நம் சமூகத்துக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு. 1990 ஒக்டோபர் இறுதியில் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது இரண்டு மணி நேர அவகாசத்தில் வீட்டைவிட்டுப் போன குடும்பங்களில் பலரிடம் பிறப்புச் சான்றிதழும் இல்லை, விவாகச் சான்றிதழும் இல்லை. பிறகு புத்தளத்திலோ கல்பிட்டியிலோ எடுத்த அடையாள அட்டையில் பெயர் ஒரு மாதிரி, பழைய பதிவில் வேறு மாதிரி. மொஹமட், முகம்மது, முஹம்மத் மூன்றும் நமக்கு ஒன்றுதான். கணினிக்கு அவை மூன்று ஆட்கள். கடவுச்சீட்டு, தடுப்பூசி அட்டை, விமானச் சீட்டு மூன்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். சான்றிதழ் இல்லாதவர்கள் பிரதேச செயலகத்தில் பிரதி கேட்டு விண்ணப்பிக்கலாம். பழைய பதிவைத் தேடி எடுக்க நாள் பிடிக்கும், அதனால் முகவரைத் தேடுவதற்கு முன்பே இந்த வேலையைத் தொடங்குங்கள்.

எல்லாவற்றுக்கும் மூன்று செட் பிரதி எடுங்கள். ஒன்று பெட்டியில், ஒன்று கைப்பையில், ஒன்று வீட்டில். வீட்டில் வைத்துப் போகும் உறையில் கடன் விவரமும் வஸிய்யத் என்ற மரண சாசனமும் காணி உறுதியின் பிரதியும் இருக்கட்டும். காணிப் பிரச்சினை இன்னும் தீராத குடும்பங்கள் சோனகத் தெருவில் எத்தனை என்பது உங்களுக்கே தெரியும். உறுதி எங்கே இருக்கிறது என்று ஒருவருக்காவது சொல்லாமல் விமானம் ஏறாதீர்கள்.

ஊசியும் மருந்தும்

மூளைக்காய்ச்சல் தடுப்பூசி, அதாவது ஏ, சி, டபிள்யூ, வை நான்கு வகைக்கும் சேர்த்துப் போடுவது, ஹஜ்ஜுக்கும் உம்றாவுக்கும் கட்டாயம். சவூதியில் இறங்குவதற்குக் குறைந்தது 10 நாள் முன்பு போட்டிருக்க வேண்டும். கொழும்பு பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் பயணிகளுக்குப் போடுகிறார்கள். இதற்கென்று தனியாகக் கொழும்பு போவதைவிட விசா வேலையோடு சேர்த்துக்கொண்டால் ஒரு பஸ் பயணம் மிச்சம். சளிக்காய்ச்சலுக்கான ஊசியையும் போட்டுக்கொள்ளுங்கள். அங்கே போய் இருமாமல் திரும்பியவர்கள் குறைவு.

நீரிழிவு, பிரஷர் மருந்துகளைப் பயண நாட்களுக்கு வேண்டியதைவிட ஒரு வாரம் கூடுதலாக, பெட்டிகளோடும் மருத்துவரின் சீட்டோடும் கைப்பையில் வையுங்கள். இன்சுலினைப் பெரிய பெட்டிக்குள் போடாதீர்கள். தூக்க மாத்திரை, நரம்பு வலி மாத்திரை, கடும் வலி நிவாரணிகளில் சில சவூதியில் கட்டுப்பாட்டு மருந்துகள். அப்படி ஏதாவது குடிப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டு, கடிதம் வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

பெண்கள் பலர் கேட்கக் கூச்சப்படும் விஷயம் மாதவிடாய். அந்த நிலையில் தவாஃப் செய்ய முடியாது, ஹஜ்ஜின் மற்றக் காரியங்களைச் செய்யலாம். புறப்படும்போது செய்யும் விடைபெறும் தவாஃபும் அவர்களுக்குக் கடமையில்லை. மாதவிடாயைத் தள்ளிப்போட மாத்திரை எடுப்பதென்றால் இரண்டு மாதம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். பக்கத்து வீட்டு ராத்தா குடித்த மாத்திரை உங்களுக்குச் சரிவராமல் போகலாம்.

கால்

இதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். யாழ்ப்பாணம் தட்டைப் பூமி. கடைக்கு சைக்கிள், பள்ளிக்கு மோட்டார் சைக்கிள் என்று பழகிய கால் நம் கால். மக்கா மலைகளுக்கு நடுவே கிடக்கும் ஊர். அஜ்யாத் பக்கத்து ஹோட்டல் என்றால் தொழுதுவிட்டு வரும் ஒவ்வொரு தடவையும் ஏற்றம். ஸஃபா மர்வா ஏழு நடையும் சேர்ந்து மூன்று கிலோமீற்றருக்கு மேல் வரும், அதற்கு முன் ஏழு சுற்றுத் தவாஃப். கீழ்த்தளம் நிரம்பி மேல்மாடிக்கு அனுப்பினால் ஒவ்வொரு சுற்றும் பல மடங்கு நீளும்.

ஆகவே குறைந்தது மூன்று மாதம் முன்பே நடக்கத் தொடங்குங்கள். பண்ணைக் கடற்கரை நடைபாதையில் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு அரை மணி நேரம், பிறகு ஒரு மணி நேரம். ஏற்றத்துக்குப் பழக நம்மூரில் மலை இல்லை, மாடிப்படிதான் கதி. அங்கே போட்டுப்போகும் செருப்பையே போட்டுக்கொண்டு நடங்கள். புதுச் செருப்பை மக்காவில் திறந்தால் இரண்டாம் நாளே கொப்புளம் போடும். ஆண்கள் தைக்காத இரண்டு வெள்ளைத் துணி உடுத்தும் இஹ்ராம் நிலையில் விரலும் குதிகாலும் தெரிகிற பாட்டா செருப்பு போதும், அடிப்பாகம் மட்டும் தடிப்பாக இருக்கட்டும்.

தொடை உராய்ந்து புண்ணாவது ஆண்களுக்கு வரும் பெரிய தொல்லை. இஹ்ராமில் உள்ளாடை இல்லை, வியர்வை வேறு. வாசனையில்லாத வசலீனைப் பூசிக்கொண்டே நடையைத் தொடங்குங்கள். புண் வந்தபிறகு பூசினால் எரிச்சல்தான் மிஞ்சும். நீரிழிவு உள்ளவர்கள் ஒவ்வொரு இரவும் பாதத்தை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தவாஃப் நடக்கும் வெள்ளைப் பளிங்குத் தரை வெயிலிலும் சுடாது. வெளி வீதி அப்படியில்லை. செருப்பைத் தொலைத்துவிட்டு வெறுங்காலோடு மதியத்தில் ஹோட்டலுக்கு ஓடியவர்களுக்குப் பாதம் வெந்துபோகும். வாசலில் விட வேண்டாம், ஒரு சின்னத் துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொள்ளுங்கள்.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. 'நாங்கள் பார்க்காத வெயிலா' என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. இங்குள்ளது புழுக்கம், வியர்த்துக் கொட்டுவதால் தண்ணீர் நினைவு தானாக வரும். அங்குள்ள காற்று காய்ந்தது. வியர்வை வந்த சுவடு தெரியாமல் உலர்ந்துவிடும், தாகம் தெரியுமுன் தலைசுற்றும். தாகத்துக்குக் காத்திராமல் குடியுங்கள், நாளுக்கு ஒரு ஜீவனியும் (உடம்பில் நீர் குறையாமலிருக்கக் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்) கரைத்துக் குடியுங்கள். இஹ்ராமில் ஆண்கள் தலையை மூடக்கூடாது, குடை பிடிக்கலாம். வெள்ளை அல்லது வெளிர்நிறக் குடையாக இருக்கட்டும்.

பெட்டி

இரண்டு செட் இஹ்ராம் துணி, இடுப்புப் பட்டி, வாசனையற்ற சவர்க்காரம், தண்ணீர் தெளிக்கும் சின்னப் போத்தல், மெல்லிய தொழுகைப் பாய். இவ்வளவும் இருந்தால் மற்றதெல்லாம் அங்கே வாங்கலாம். சவூதியில் மூன்று சதுர முனை பிளக், அதற்குத் தக்க சார்ஜர் வேண்டும். வாயில் எதுவும் பிடிக்காத பெரியவர்களுக்குப் பருத்தித்துறை வடை நல்ல துணை. கெடாது, நொறுங்கினாலும் சாப்பிடலாம். கசகசா சேர்ந்த எதையும் கொண்டுபோக வேண்டாம், சவூதியில் அதற்குத் தடை. வெற்றிலை, புகையிலைப் பழக்கத்தையும் இங்கேயே விட்டுப்போங்கள். தெரியாத ஒருவர் விமான நிலையத்தில் தரும் பொதியை 'மகனுக்கு மாசித் தூள்தானே' என்று வாங்காதீர்கள்.

போனில் ரோமிங்கைக் குறுஞ்செய்திக்காவது திறந்து வையுங்கள். வங்கி அனுப்பும் ரகசிய எண் இலங்கை சிம்முக்குத்தான் வரும், அது இல்லாமல் அட்டையால் பயனில்லை. உள்ளூர் சிம் ஜித்தா விமான நிலையத்திலேயே கடவுச்சீட்டைக் காட்டி வாங்கலாம்.

கட்டுநாயக்க வரை

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குச் சுமார் 400 கிலோமீற்றர், ஒரு முழு இரவுப் பயணம். புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு வழியாகப் போகும் பஸ் என்றால் விமான நிலையச் சந்தி கொழும்புக்கு முன்பே வந்துவிடும். கொழும்பு போய்த் திரும்பி வர வேண்டியதில்லை. ஆனாலும் விமானம் புறப்படும் நாளில் யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் ஏறாதீர்கள். ஒரு நாள் முன்பே போய்ப் புத்தளத்திலோ நீர்கொழும்பிலோ உறவுக்காரர் வீட்டில் தூங்குங்கள். நம்மவர்களுக்கு அந்த வழியில் வீடு இல்லாத குடும்பம் அரிது. தூக்கமில்லாத இரவோடு ஏறினால் இறங்கியதும் உம்றா செய்ய உடம்பில் ஒன்றும் மிச்சமிருக்காது.

பயணம் சொல்ல வீடு வீடாகப் போவதும் விருந்துகளும் கடைசி வாரத்தில் ஆளை ஓய வைத்துவிடும். பக்கத்து வீட்டு இந்துக்களும் கத்தோலிக்கரும்கூட வந்து 'எங்களுக்காகவும் கேளுங்கோ' என்பார்கள். அந்த அன்பை மறுக்க முடியாது. அதனால் இரண்டு வாரம் முன்பே பயணம் சொல்லி முடித்துவிடுங்கள்.

நேரே மக்கா போகிறவர்கள் இஹ்ராம் துணியை வீட்டிலோ விமான நிலையத்திலோ உடுத்திக்கொள்வது எளிது. விமானக் கழிவறைக்குள் உடுத்துவது வித்தை. இஹ்ராமுக்கு நிய்யத் (மனதில் எண்ணம்) வைக்கும் எல்லையை விமானத்தில் அறிவிப்பார்கள். தூங்கிப்போனால் தவறிவிடும், ஆகவே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவையுங்கள். முதலில் மதீனா போகும் குழு என்றால் சாதாரண உடையோடு போகலாம். இஹ்ராமுக்கான எல்லை மதீனாவுக்கு வெளியே துல்ஹுலைபாவில், பிஅர் அலி என்று சொல்லும் இடத்தில் இருக்கிறது.

ஹரத்தில்

போன உடனே ஒரு வாசல் எண்ணை மனப்பாடம் செய்யுங்கள். மன்னர் அப்துல் அஸீஸ் வாசல் 1, மன்னர் ஃபஹ்த் வாசல் 79. 'மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு அடியில் நில்லுங்கள்' என்று சொன்னால் அது 601 மீற்றர் கட்டடம். அதன் அடி ஒரு சந்தையளவு பெரியது. வாசல் எண்ணைச் சொல்லி, வெளியே எந்தத் தூண் என்பதையும் காட்டிக்கொடுங்கள். போன் பட்டரி தீர்ந்துபோகும். ஹோட்டல் அட்டையையும் குழுத் தலைவரின் எண்ணையும் தாளில் எழுதி உம்மாவின் கழுத்துப் பையில் போடுங்கள்.

தவாஃபை ஹஜருல் அஸ்வத் என்ற கறுப்புக் கல் இருக்கும் மூலைக்கு நேரே, பச்சை விளக்குத் தெரியும் இடத்தில் தொடங்க வேண்டும். கல்லை முத்தமிடுவது சுன்னத், கையால் சைகை காட்டினாலே போதும். அந்த மூலையில் தள்ளுமுள்ளுப்படுவது, குறிப்பாகப் பெண்கள், வேண்டாத ஆபத்து. ஸஈயில் எண்ணிக்கை பிசகுவது சகஜம்: ஸஃபாவிலிருந்து மர்வா போனால் ஒன்று, திரும்பி வந்தால் இரண்டு, ஏழாவது மர்வாவில் முடியும். போய்வருவதை ஒன்றாக எண்ணிப் பதினான்கு நடை நடந்து மயங்கியவர்கள் உண்டு.

நம்மில் பெரும்பாலோர் ஷாபிஈ மத்ஹப் என்ற மார்க்கச் சட்டப் பிரிவினர் என்பதால் இன்னொன்று. அந்த மத்ஹபில், மணமுடிக்கத் தடையான நெருங்கிய உறவினர் அல்லாத ஆணும் பெண்ணும் தோலோடு தோல் பட்டால், தவாஃபுக்கு வேண்டிய வுளூ (கழுவித் தூய்மையான நிலை) முறியும். கணவன் மனைவியும் அதற்குள் அடங்குவர். கூட்டத்தில் பிரியக்கூடாது என்று மனைவியின் கையைப் பிடித்தபடி தவாஃப் செய்கிறவர் இதை யோசிக்க வேண்டும். கையுறை இஹ்ராமில் பெண்களுக்குக் கூடாது. சட்டைக் கைக்கு மேலாகப் பிடிப்பது ஒரு வழி. இந்த விஷயத்தில் வேறு மத்ஹபைப் பின்பற்றுவதற்கு என்னென்ன நிபந்தனை என்பதை ஊரில் இருக்கும்போதே உலமாவிடம் கேட்டுத் தெளியுங்கள். தவாஃப் நடக்கும் மதாஃபின் நடுவில் நின்று மௌலவிக்குப் போன் எடுத்துக் கேட்க முடியாது.

ஹஜ்ஜின் ஐந்து நாள்

துல்ஹஜ் மாதம் 8 மினா, 9 அரஃபா, அன்றிரவு முஸ்தலிஃபா, 10இலிருந்து கல்லெறிதல். இந்த நாட்களுக்குப் பெரிய பெட்டி உதவாது. முதுகில் மாட்டும் சின்னப் பை ஒன்றில் மாற்றுடை, மருந்து, பாய், பேரீச்சம்பழம், டோர்ச். ஹாஜிகளுக்குத் தரும் நுசுக் அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றவே கூடாது. சோதனைச் சாவடியில் கேட்பார்கள்.

மினாக் கூடாரத்தில் உங்கள் பங்கு ஒரு மெத்தை அகலம். கழிவறை வரிசை தொழுகை நேரத்துக்கு முன்பு நீளும், நடுச்சாமத்தில் காலியாக இருக்கும். முஸ்தலிஃபாவில் திறந்த வானத்தின் கீழ்தான் இரவு. கற்களைக் கடலை அளவில் பொறுக்கினால் போதும். முதல் நாள் 7, பிறகு நாளுக்கு 21. பன்னிரண்டாம் நாளோடு திரும்பினால் மொத்தம் 49, பதின்மூன்றாம் நாளும் தங்கினால் 70. குழுவுக்குக் கொடுத்த நேரத்தில்தான் கல்லெறியும் இடமான ஜமராத்துக்குப் போக வேண்டும். கையிலிருந்து எது விழுந்தாலும் குனிந்து எடுக்காதீர்கள், எதிர்த் திசையில் திரும்பாதீர்கள். உடல்நிலை இடம்கொடுக்காதவர்கள் வேறொருவரைக் கொண்டு எறியலாம். அதை வீம்புக்காக மறுக்கும் ஹாஜியார்களை மகன்மார்தான் சமாளிக்க வேண்டும்.

மதீனாவும் திரும்புதலும்

மக்காவிலிருந்து மதீனாவுக்குச் சுமார் 450 கிலோமீற்றர். பஸ்ஸிலும் போகலாம், 2018இல் தொடங்கிய அதிவேக ரயிலிலும் போகலாம். மதீனாவில் நடை குறைவு, மனிதர்களும் சாந்தம். நபிகளாரின் பள்ளிவாசலிலுள்ள ரவ்ழாவுக்குள் போக நுசுக் செயலியில் நேரம் பதிய வேண்டும்; ஆண்களுக்கும் பெண்களுக்கும் வேறு வேறு நேரம். மதீனாவில் இறங்கும்வரை காத்திராமல் விசா கிடைத்ததுமே பதியப் பாருங்கள், அனுமதியைப் படம்பிடித்துப் போனில் சேமியுங்கள்.

பேரீச்சம்பழத்தை மதீனாச் சந்தையில் வாங்குங்கள். அஜ்வா விலை கூட. ஊரில் பங்கிட சுக்கரி, சஃபாவி போன்றவை தாராளம். ஸம்ஸம் தண்ணீரைப் பெட்டிக்குள் ஒளித்துவைக்க முடியாது. விமான நிலையத்தில் பொதிசெய்த ஐந்து லீற்றர்ப் போத்தலாக எடுக்க வேண்டும், அதை ஏற்றுவதற்கான விதியை விமானச் சீட்டு வாங்கும்போதே கேளுங்கள்.

ஊருக்கு வந்ததும் வீடு நிரம்ப ஆட்கள் வருவார்கள். உங்களுக்கு இருமல் இருந்தால் முகக்கவசம் போட்டுக்கொண்டு சலாம் சொல்லுங்கள், கைக்குழந்தைகளைத் தூக்க வேண்டாம். இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலோ மூச்சுத்திணறலோ வந்தால் ஆஸ்பத்திரியில் சவூதியிலிருந்து வந்த விஷயத்தை முதலிலேயே சொல்லுங்கள். ஒட்டகப் பண்ணை பார்க்கப் போயிருந்தால் அதையும் சொல்லுங்கள். மேர்ஸ் என்ற சுவாச நோய் அந்தப் பக்கத்தில் ஒட்டகங்களிடமிருந்து தொற்றுவதால், மருத்துவருக்கு அந்த விவரம் வேண்டும்.